அத்திவாரம் ஒன்று, கார் பல: வாசகர் கேள்வி–பதில்

2020 மார்ச்சில் இலங்கை மூடிய வாகன இறக்குமதிக் கதவு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் திறந்தது. அன்று தொடக்கம் எனக்கு வரும் கேள்விகள் எல்லாம் ஒரே பக்கம்தான் ஓடுகின்றன: நடுத்தரக் குடும்பம், சின்னக் கார், எதை வாங்குவது? விலையை இங்கே எழுத மாட்டேன். எழுதும் விலை அச்சாகும்போதே பழசாகிவிடும். காரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன்.

"இது குளோபல் பிளாட்போமில செஞ்ச கார்" என்று கொழும்பில் ஒரு விற்பனையாளர் சொன்னார். ரயிலே வராத ஊர்க்காரன் நான். எனக்கு என்ன பிளாட்போம்?
*– பலசரக்குக் கடைக்காரர், அக்கரைப்பற்று*

ரயில் மட்டக்களப்போடு நின்றுவிட்டது, காக்கா. இந்தப் பிளாட்போம் உங்கள் வாசல்வரை வந்துவிட்டது.

மூன்று மகள்மாருக்கு வீடு கட்டும் ஒரு வாப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். மேசன் பாஸ் ஒரே அத்திவாரப் படத்தை வைத்து மூன்று வளவிலும் தோண்டுகிறார். மூத்தவளுக்கு மேலே மாடி, நடுவிலாளுக்கு முன்னால் விறாந்தை, கடைசிக்காரிக்குத் தெருப்பக்கம் ஒரு கடை அறை. தெருவில் போகிறவருக்கு மூன்றும் வேறு வேறு வீடுகள். தூண் நிற்கும் இடமும் தண்ணீர்க் குழாய் போகும் வழியும் மூன்றிலும் ஒன்றுதான்.

காரில் பிளாட்போம் எனப்படும் அந்த அத்திவாரம் என்பது தரைத் தகடு, எஞ்சின் உட்காரும் இடம், சில்லுகள் பொருந்தும் புள்ளிகள், ஸ்டியரிங், வயர்கள் ஓடும் பாதை ஆகியவை சேர்ந்தது. அதன் மேல்தான் பொடி, கதவு, விளக்கு, இருக்கை எல்லாம். 1999இல் வந்த முதலாவது டொயோட்டா விட்ஸின் அத்திவாரத்திலேயே பிளாட்ஸ், ஃபன்கார்கோ, பிபி எல்லாம் எழுந்தன. எங்கள் தெருக்களில் நாலையும் பார்த்திருப்பீர்கள். ஒரு தாய் பிள்ளைகள் என்று நினைத்திருக்க மாட்டீர்கள்.

கம்பனிகள் ஏன் இப்படிச் செய்கின்றன? செலவை மிச்சம் பிடிக்கவா?
*– உயர்தர மாணவர், ஒலுவில்*

ஆம். ஒரு காரின் அடிப்பகுதியைப் புதிதாக வரைந்து, மோதிப் பார்த்து, அதற்கு அச்சுகள் செய்வதுதான் பெரும் செலவு. அதைப் பத்துக் கார்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றின் தலையிலும் சுமை குறைகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பங்கு வாங்குகிறவருக்கும் வந்து சேர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சின்னக் காரில் இலாபம் சிறிது. தனி அத்திவாரம் போட்டால் நாங்கள் வாங்கும் விலைக்கு அது வராது.

ஜப்பான் வேகன் ஆர், இந்திய வேகன் ஆர் இரண்டும் ஒன்றுதானே? இந்தியக் காருக்கு விலை குறைவு என்கிறார்களே?
*– ஆசிரியை, அட்டாளைச்சேனை*

பெயர் ஒன்று. அத்திவாரக் குடும்பமும் ஒன்று: சுசூகியின் ஹார்டெக்ட். ஆனால் கார் இரண்டு, ராத்தா. அளவுநாடாவை எடுத்துப் பாருங்கள்.

2017இல் ஜப்பானில் வந்த வேகன் ஆர் நீளம் 3,395 மில்லிமீற்றர், அகலம் 1,475. 2019இல் இந்தியாவில் வந்தது நீளம் 3,655, அகலம் 1,620. நீளத்தில் ஒரு சாணுக்கு மேலும் அகலத்தில் அரைச் சாணுக்கு மேலும் கூடியிருக்கிறது. ஜப்பான் கார் 658 சிசி. அங்கே 'கெய்' என்று ஒரு சிறு வாகன வகை உண்டு. 3.4 மீற்றர் நீளம், 1.48 மீற்றர் அகலம், 660 சிசி என்ற எல்லையைத் தாண்டாவிட்டால் அங்கே வரி குறைவு. அந்த எல்லைக்குள் அடங்குவதற்காகவே அது அப்படி ஒடுங்கியது. இந்தியக் காருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. 1,000, 1,200 சிசி எஞ்சின்களோடு அகலமாக வந்தது.

எங்கள் அரசாங்கமும் எஞ்சின் சிசியைப் பார்த்து உற்பத்தி வரி போடுகிறது. ஜப்பான்காரருக்கு அவருடைய சட்டம் தைத்த சட்டை, எங்கள் வரிச் சட்டத்துக்கும் அளவாகப் பொருந்திவிட்டது. வேகன் ஆர் இந்த நாட்டில் தெருவுக்குத் தெரு நிறைந்ததற்கு அது ஒரு முக்கிய காரணம்.

நாங்கள் வாப்பா, உம்மா, மூன்று பிள்ளைகள், மூத்தம்மா. ஆறு பேருக்கு வேகன் ஆர் போதுமா?
*– குடும்பத் தலைவி, பாலமுனை*

போதாது. ஜப்பானின் கெய் கார்கள் நான்கு பேருக்கென்றே அங்கீகரிக்கப்பட்டவை. பின் இருக்கையில் இரண்டு ஆசனப் பட்டிகள்தான் இருக்கும். எண்ணிப் பாருங்கள். தலைக்கு மேல் இடம் தாராளமாக இருப்பதால் உள்ளே விசாலம் போலத் தெரியும். ஐந்தாவது ஆளுக்கும் ஆறாவது ஆளுக்கும் பட்டி கிடையாது. பட்டி இல்லாத இடத்தில் பிள்ளையை வைக்கக் கூடாது. உங்களுக்குத் தேவை ஒரு பழைய வேனாக இருக்கலாம். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கராஜ் பாஸ் என் விட்ஸுக்கு பஸ்ஸோ காரின் சாமான் போட்டார். நல்லாத்தான் ஓடுது. ஆனால் மனசு கேக்கலை.
*– முச்சக்கரவண்டி விட்டுக் காருக்கு மாறியவர், நிந்தவூர்*

மனதை ஆறவையுங்கள். 1,000 சிசி விட்ஸில் இருக்கும் மூன்று சிலிண்டர் எஞ்சினுக்கு 1கேஆர் என்று பெயர். அதை உருவாக்கியது டைஹற்சு. அதே எஞ்சின் பஸ்ஸோவில் இருக்கிறது. செக் நாட்டின் கோலின் நகரத் தொழிற்சாலையிலிருந்து 2005 தொடக்கம் வெளிவந்த டொயோட்டா அய்கோ, பேஜோ 107, சிட்ரோவன் சி1 மூன்றிலும் அதுதான். மலேசியாவின் பெரொடுவா அக்ஸியாவிலும் அதே குடும்ப எஞ்சின். ஒரு பிரெஞ்சுப் பெயர்ப் பலகை மாட்டிய காரும் நிந்தவூர்ச் சந்தியில் நிற்கும் உங்கள் காரும் ஒரே இதயத் துடிப்பு. அந்தத் துடிப்புத்தான் நிறுத்தத்தில் ஸ்டியரிங்கில் உங்களுக்குத் தெரியும் மெல்லிய நடுக்கமும். மூன்று சிலிண்டருக்கு அது இயல்பு. நடுக்கம் முன்பைவிடக் கூடினால் மாத்திரம் எஞ்சின் மவுண்ட் ரப்பரைப் பாருங்கள்.

ஒரு கவனம். எஞ்சின் ஒன்று என்பதால் ஷொக், பிரேக், டிஸ்க் எல்லாம் ஒன்று என்றாகாது. சாமான் கடையில் காரின் பெயரைச் சொல்லாதீர்கள். புத்தகத்தில் இருக்கும் சேசிஸ் இலக்கத்தைச் சொல்லுங்கள். கேஎஸ்பி 90க்கும் கேஎஸ்பி 130க்கும் பெயர் விட்ஸ்தான், சாமான் வேறு.

விட்ஸ் இப்போது வருவதில்லையாமே?
*– மருதமுனை வாசகர்*

2020 பெப்ரவரியில் ஜப்பானிலும் அதன் பெயர் யாரிஸ் ஆகிவிட்டது. அத்திவாரமும் புதிது. ஆனால் பெயர் சாகவில்லை. தென்னாபிரிக்காவில் 2023 தொடக்கம் 'டொயோட்டா விட்ஸ்' என்று ஒரு கார் விற்கிறார்கள். அது இந்தியாவில் செய்யப்படும் சுசூகி செலேரியோ. பலகையை மாட்டிவிட்டால் பரம்பரை மாறிவிடாது. பலகைக்குப் பின்னால் இருப்பதைக் கேளுங்கள்.

ஒரே அத்திவாரம் என்றால் உலகம் முழுதும் ஒரே பாதுகாப்பும் இருக்கும்தானே? அந்த நம்பிக்கையில்தான் வாங்கப் போகிறேன்.
*– தாதி உத்தியோகத்தர், கல்முனை*

சகோதரி, இந்த ஒரு கேள்விக்காகவே இந்த வாரம் பேனாவைத் திறந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ரெனோ க்விட் என்ற சின்னக் காரை எடுங்கள். ரெனோவும் நிசானும் சேர்ந்து போட்ட அத்திவாரம். சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடம் தொழிற்சாலையில் 2015இல் வெளிவந்து எங்கள் நாட்டுக்கும் வந்தது. அதே அத்திவாரத்தில் டட்சன் ரெடிகோவும் வந்தது. 2016இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற க்விட்டை மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் நட்சத்திரம் பூச்சியம். அடுத்த ஆண்டு பிரேசிலில் தயாரான க்விட்டை லத்தீன் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தது. மூன்று நட்சத்திரம். பெயர் க்விட், உருவம் க்விட். பிரேசில் காரில் பொடிக்கு மேலதிக இரும்பு கொடுத்திருந்தார்கள். காற்றுப் பைகள் நான்கு.

அதாவது தெரியாமல் நடந்த குறை அல்ல அது. எப்படிச் செய்தால் உயிர் தப்பும் என்று தெரிந்தவர்கள், ஒரு நாட்டுக்கு அதைச் செய்தார்கள், இன்னொரு நாட்டுக்குச் செய்யவில்லை. சட்டம் கேட்ட இடத்தில் கொடுத்தார்கள், கேட்காத இடத்தில் விட்டார்கள். இந்தியச் சட்டம் பழைய மாதிரிக் கார்கள் உட்பட எல்லாவற்றுக்கும் முன்னால் இரண்டு காற்றுப் பைகளைக் கட்டாயமாக்கியது 2022 ஜனவரியில்தான். அதற்கு முந்திய இந்தியத் தயாரிப்பு என்றால், பைகளை உங்கள் கையால் தடவி எண்ணுங்கள். நான் மேலே சொன்ன இந்திய வேகன் ஆருக்கும் 2023இல் கிடைத்தது ஒற்றை நட்சத்திரம். இதைப் படித்துவிட்டு ஒரு தாயாவது விற்பனையாளரிடம் "இந்தக் கார் எந்த நாட்டுக்குச் செய்தது?" என்று கேட்டால், எனக்கு நிம்மதி.

கல்முனை ஆஸ்பத்திரியில் விபத்துப் பிரிவு எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ரைஸ் டொயோட்டாவா, டைஹற்சுவா? இதில் என் மச்சானும் நானும் பந்தயம்.
*– சம்மாந்துறை வாசகர்*

பந்தயம் மார்க்கத்தில் ஆகாது. இரண்டு பேரும் தேநீரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏனென்றால் இரண்டு பேரும் சரி. 2019 நவம்பரில் டைஹற்சு ரொக்கியும் டொயோட்டா ரைஸும் ஒன்றாக வந்தன. செய்தது டைஹற்சு. பிறகு மலேசியாவில் பெரொடுவா அட்டிவாவும் ஜப்பானில் சுபாரு ரெக்ஸும் அதே அத்திவாரத்தில் எழுந்தன.

இந்த உறவின் மறுபக்கத்தையும் அறிந்துகொள்ளுங்கள். 2023 மே மாதம், ரொக்கி, ரைஸ் இரண்டின் ஹைபிரிட் வகைகளுக்கும் பக்கவாட்டில் தூணில் மோதும் பரிசோதனையில் முறைகேடு நடந்தது தெரியவந்து, விற்பனை நின்றது. டிசம்பர் 20ஆம் திகதி விசாரணைக் குழு கண்டுபிடித்தது இன்னும் பெரிது: 64 மாதிரிகள், 174 முறைகேடுகள், மிகப் பழையது 1989ஆம் ஆண்டையது. டைஹற்சு எல்லாக் கார்களின் விநியோகத்தையும் நிறுத்தியது. டொயோட்டா, சுபாரு, மஸ்தா பெயர்களில் விற்ற கார்களும் அதற்குள் வந்தன. ஜப்பான் அரசு ஒவ்வொன்றாகத் திரும்பச் சோதித்த பிறகே அடுத்த ஆண்டு உற்பத்தி படிப்படியாகத் தொடங்கியது.

அத்திவாரம் பொதுவானால் நல்லதும் பொது, பழுதும் பொது. ஒரு வீட்டின் சுவர் வெடித்தால் மற்ற இரண்டு மகள்மாரின் வீட்டையும் போய்ப் பார்ப்பதுதானே வாப்பாவின் கடமை?

காற்றுப் பையே ஆளைக் கொல்லும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. பொய்தானே?
*– இறக்காமம் வாசகர்*

வாட்ஸ்அப்பில் வந்தும் உண்மையான செய்தி அது. தகாட்டா என்ற ஜப்பான் கம்பனி உலகத்தின் பெரும்பாலான கார்க் கம்பனிகளுக்குக் காற்றுப் பையை ஊதவைக்கும் கருவியைச் செய்து கொடுத்தது. உள்ளே அமோனியம் நைத்திரேற்று. வெப்பமும் ஈரமும் ஆண்டுக் கணக்கில் மாறி மாறித் தாக்கினால் அந்த மருந்து கெட்டுவிடும். கெட்ட பிறகு வெடித்தால் ஊதுவதற்குப் பதில் இரும்புக் கூட்டையே உடைத்துத் துண்டுகளை முகத்தில் எறியும். திரும்ப அழைக்கப்பட்ட கருவிகள் உலகம் முழுதும் சுமார் 10 கோடி. கம்பனி 2017 ஜூனில் முறிவடைந்தது.

2014இல் மலேசியாவின் சரவாக்கில் ஒரு கர்ப்பிணித் தாய் அப்படித்தான் இறந்தார். அவர் ஓட்டியது ஹொண்டா சிட்டி. அது ஃபிட்டோடு அத்திவாரத்தைப் பங்குபோட்ட கார். அங்குள்ள வெப்பத்தையும் ஈரத்தையும் எங்கள் கரையோரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்குக் கவலை அங்கேதான். குளிர்நாட்டில் இருபது வருடம் தாங்குவது அக்கரைப்பற்று வெயிலில் தாங்காது.

2015இல் டொயோட்டா திரும்ப அழைத்தவற்றில் விட்ஸும் கொரொல்லாவும் இருந்தன. 2003 முதல் 2007 வரை செய்தவை. பழைய ஃபிட்டும் ஹொண்டாவின் அழைப்பில் வந்தது. ஜப்பானில் ஏலத்துக்குப் போகுமுன் சில கார்களுக்கு மாற்றியிருப்பார்கள், சிலவற்றுக்கு மாற்றியிருக்க மாட்டார்கள். சேசிஸ் இலக்கத்தைக் கொண்டுபோய் முகவரிடம் கேளுங்கள்: டொயோட்டாவுக்கு டொயோட்டா லங்கா, ஹொண்டாவுக்கு ஸ்டாஃபோர்ட், சுசூகிக்கு ஏஎம்டபிள்யூ. கராஜில் காற்றுப் பையைத் தனியாகக் கழற்றிப் பார்க்க விடாதீர்கள். அதுவும் வெடிமருந்துதான்.

கைக்குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் வரலாமா? பட்டி போட்டுத்தான் வருகிறேன்.
*– இளம் தாய், சாய்ந்தமருது*

வேண்டாம், மகள். பை ஊதும்போது குழந்தை பைக்கும் உங்கள் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும். பின் இருக்கையில், குழந்தை ஆசனத்தில் வையுங்கள். அழும். அழட்டும்.

அக்குவாவும் ஹைபிரிட், வேகன் ஆரும் ஹைபிரிட். பிறகு ஏன் இரண்டு விலை?
*– வங்கி உத்தியோகத்தர், அக்கரைப்பற்று*

முதல் தலைமுறை அக்குவாவில் 144 வோல்ட் பற்றரி. மின் மோட்டார் தனியாகவே சில்லைச் சுழற்றும். பெற்றோல் எஞ்சின் நின்றுவிட்டாலும் அக்கரைப்பற்று மணிக்கூட்டுச் சந்தியைச் சத்தமில்லாமல் கடப்பீர்கள். வேகன் ஆரில் இருப்பது எஞ்சினுக்குத் தோள் கொடுக்கும் சின்ன மோட்டாரும் சின்ன லிதியம் பற்றரியும். ஒருவர் முழு வேலையும் செய்யத் தெரிந்த சம்மாட்டி, மற்றவர் கைப்பிடி கொடுக்கும் பையன். இரண்டு பேருக்கும் ஒரே சம்பளம் இல்லை.

அக்குவா வைத்திருப்பவர்களுக்கு: பின் இருக்கைக்குப் பக்கத்தில் பற்றரி மூச்சு விடும் துவாரம் இருக்கிறது. அதைப் பையாலும் துணியாலும் மறைக்காதீர்கள். அறுவடை நேரம் வட்டைப் பக்கம் போய் வந்தால் அதன் வலையில் தூசி அடைந்துவிடும். சுத்தம் செய்வது சின்ன வேலை, பற்றரி மாற்றுவது பெரிய செலவு.

ஜப்பான் அட்டையில் அக்குவாவுக்கு லீற்றருக்கு 35.4 கிலோமீற்றர் என்று போட்டிருந்தார்கள். அது ஆய்வுகூடத்துக் கணக்கு. ஏசி போட்டு, நான்கு பேரை ஏற்றி, பொத்துவில் வெயிலில் அந்தக் கணக்கு வராது. வராததற்காகக் காரைச் சந்தேகிக்க வேண்டாம்.

எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தை மறக்க முடியவில்லை. அதனால்தான் சின்னக் கார்.
*– மீன் வியாபாரி, அக்கரைப்பற்று*

நானும் மறக்கவில்லை. 2022 ஜூனில் ஒரு லீற்றர் 92 பெற்றோல் 470 ரூபாய். ஜூலையில் கியூஆர் முறை வந்தபோது காருக்கு வாரம் 20 லீற்றர். அந்த 20 லீற்றரில் சின்னக் கார்க்காரர் நோயாளியைக் கண்டிக்குக் கொண்டுபோய்த் திரும்பினார். பெரிய ஜீப்காரர் மகியங்கனையில் நின்று யோசித்தார். உங்கள் முடிவு அனுபவத்தில் விளைந்தது. ஆனால் காரில் மீன் ஏற்றாதீர்கள். உப்புத் தண்ணீர் கம்பளத்துக்குக் கீழே போனால் தரைத் தகட்டை உள்ளிருந்து தின்னும்.

கடற்கரையில் இருந்து நூறு யார் தூரத்தில் வீடு. இரண்டு வருடத்தில் கார் துருப்பிடித்துவிட்டது. கம்பனிக் குறையா?
*– ஒலுவில் வாசகர்*

பெரும்பாலும் காற்றின் குறை. ஹார்டெக்ட் போன்ற புதிய அத்திவாரங்களில் எடையைக் குறைக்க, மெல்லிய, அதிக வலுவுள்ள உருக்கைப் போடுகிறார்கள். 2016 முடிவில் வந்த சுவிஃப்ட் அதற்கு முந்தியதைவிட 120 கிலோ மெலிந்தது. பெற்றோலுக்கு நல்லது. தகடு மெல்லியதானால் துருவுக்குத் தின்ன இருப்பதும் குறைவு. அந்த இடத்தில் பராமரிப்பு எங்கள் பொறுப்பு.

வாரம் ஒரு தரம் மேலே பளபளக்கக் கழுவுகிறோம். கீழே? கிணற்றுத் தண்ணீர் உப்பென்றால் அதனால் கழுவுவதே கேடு. குழாய்த் தண்ணீரால் அடிப்பக்கத்தையும் சில்லு வளைவுகளையும் அலசுங்கள். கதவின் கீழ் விளிம்பில் தண்ணீர் வடியும் சின்னத் துளைகள் இருக்கும். கடல் மணல் அதை அடைத்துவிட்டால் கதவு உள்ளிருந்து அழுகும். ஒரு ஈர்க்குச்சி போதும்.

இன்னொன்று. ரீகண்டிஷன் காரில் வந்த துரு இங்கே பிடித்ததாகவே இருக்க வேண்டியதில்லை. ஜப்பானின் வடக்கே பனி உருகத் தெருவில் உப்புத் தூவுகிறார்கள். ஹொக்கைடோவில் ஓடிய கார் ஏற்கெனவே உப்பில் ஊறிய கார். வாங்கும் முன் லிஃப்டில் தூக்கி அடியைப் பாருங்கள்.

மாரியில் கிட்டங்கிப் பாதையில் தண்ணீர் ஓடும்போது சின்னக் காரை மெதுவாக இறக்கினால் கடக்கலாமா?
*– நாவிதன்வெளி வாசகர்*

கடக்காதீர்கள்.

ஓடும் தண்ணீர் 30 சென்றிமீற்றர் உயர்ந்தால் சின்னக் காரைத் தள்ளிவிடும். எண்ணூறு கிலோவுக்கும் குறைந்த காருக்குள் காற்று நிறைந்திருக்கிறது. தண்ணீருக்கு அது வள்ளம். டயர் தெருவை விட்ட நொடியில் ஸ்டியரிங் உங்கள் கையில் வெறும் வளையம். நிற்கும் தண்ணீர் என்றாலும் எஞ்சின் காற்று இழுக்கும் வாய் கீழேதான் இருக்கிறது. ஒரு மிடறு தண்ணீர் உள்ளே போனால் எஞ்சினின் தண்டு வளையும். காப்புறுதி வெள்ளத்தை ஏற்குமா என்று உங்கள் பத்திரத்தில் படித்துப் பார்த்திருக்கிறீர்களா?

2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. காரைவிடப் பல மடங்கு பாரமான, உயரமான வாகனம் அது. அந்தப் பிள்ளைகளின் ஜனாஸாக்களை நினைக்கும்போது, "மெதுவாக இறக்கினால்" என்ற சொல்லை நான் யாருடைய வாயிலிருந்தும் கேட்க விரும்பவில்லை. திரும்பிப் போங்கள். ஒரு நாள் பிந்தட்டும். உம்மா வீட்டில் காத்திருக்கிறார் என்பதற்காகத்தான் அவசரம் என்றால், அவர் காத்திருப்பது உங்களுக்காக.

மாப்பிள்ளை வீட்டார் சீதனத்தோடு ஒரு புதுக் காரும் கேட்கிறார்கள். எந்தக் கார் கொடுக்கலாம்?
*– இரண்டு மகள்மாரின் வாப்பா, பெயர் வேண்டாம்*

கார் கேட்கும் மாப்பிள்ளைக்குக் கார் தீர்வாகாது, காக்கா. எங்கள் மார்க்கத்தில் மஹர் கொடுக்க வேண்டியவர் அவர். வீட்டையும் கொடுத்து, வயலையும் ஈடு வைத்து, லீசிங்கில் கார் எடுத்துக் கொடுத்தால், அந்தத் தவணை உங்கள் இரண்டாவது மகளின் பங்கிலிருந்து போகும். ஓட்டத் தெரிந்தால் உங்கள் மகளின் பெயரில், உங்கள் கையில் உள்ள காசுக்கு, ஒரு பழைய விட்ஸ் வாங்கி அவளிடம் கொடுங்கள். ஓட்டத் தெரியாவிட்டால் முதலில் அவளுக்குப் பழக்குங்கள்.

லீசிங் வட்டி என்று பயம். 'இஜாரா' என்று எழுதினால் போதுமா?
*– பள்ளிவாசல் நிருவாக உறுப்பினர், அட்டாளைச்சேனை*

எழுத்துப் போதாது, ஒப்பந்தத்தைப் படியுங்கள். இஜாராவில் வாகனம் நிறுவனத்தின் உடைமை. நீங்கள் வாடகைக்குப் பாவிக்கிறீர்கள். முடிவில் உங்களுக்கு மாறுகிறது. அமானா வங்கி 2011இல் முழு இஸ்லாமிய வங்கியாகத் தொடங்கிய பிறகு இந்த வழி எங்கள் பகுதியில் பழக்கப்பட்டுவிட்டது. மூன்று விடயங்களைக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். கார் உங்கள் பிழையின்றி முற்றாக அழிந்தால் இழப்பு யாருக்கு? தவணை பிந்தினால் எடுக்கும் பணம் தர்மத்துக்கா, இலாபத்துக்கா? முன்கூட்டி முடித்தால் கணக்கு என்ன? பதில்களை உங்கள் ஆலிமிடம் காட்டுங்கள். மார்க்கத் தீர்ப்பு அவர் வேலை, கேள்வியைக் கூர்மையாக்குவது என் வேலை.

கிலோமீற்றர் மீற்றரை நம்பலாமா?
*– திருக்கோவில் வாசகர்*

நான் நம்பினேன். பல வருடங்களுக்கு முன் ஒரு விற்பனை நிலையத்தில் வாங்கிய காரில் மீற்றர் குறைந்த ஓட்டத்தைக் காட்டியது. பிரேக் மிதியின் ரப்பர் தேய்ந்து இரும்பு தெரிந்ததை நான் பார்த்தேன், ஆனால் கேட்கவில்லை. மூன்று மாதத்தில் கியர்ப்பெட்டி நின்றது. இரண்டு போக விளைச்சல் பணம் அதில் போனது. அந்த வருடம் உம்மாவை உம்றாவுக்கு அனுப்பும் எண்ணம் தள்ளிப்போனது. அதுதான் இன்றும் வலி.

அதனால் சொல்கிறேன்: மிதி ரப்பர், ஸ்டியரிங் பிடி, ஓட்டுநர் இருக்கையின் வலது விளிம்பு ஆகிய மூன்றும் பொய் சொல்லாது. ஜப்பான் ஏலத் தாளின் அசலைக் கேளுங்கள். அதில் தரம் 'ஆர்' என்றிருந்தால் மோதித் திருத்திய கார். ஏலத் தாள் இல்லை என்று சொன்னால், கார் எவ்வளவு அழகானாலும் எழுந்து வாருங்கள். தன்னியக்கக் கியர் ஒயில் "வாழ்நாள் முழுதும் மாற்றத் தேவையில்லை" என்று யாராவது சொன்னால், யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். சிவிடீ வகைக் கியர்ப்பெட்டிக்கு அதற்கென்று குறித்த ஒயில்தான். வேறு ஒயில் அதற்கு நஞ்சு.

வாப்பா மௌத்தான பிறகு அவருடைய 2006 விட்ஸ் கூரைக்குக் கீழே நிற்கிறது. எல்லோரும் விற்கச் சொல்கிறார்கள். மனசு வரவில்லை.
*– மகன், கட்டாரிலிருந்து*

விற்க வேண்டாம், தம்பி. அந்தக் கார் உலகம் முழுதும் ஓடிய அத்திவாரம். அதன் சாமான் கல்முனையிலும் கிடைக்கும், அதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றிப் பூட்டும் பாஸும் ஊருக்கு ஒருவர் இருக்கிறார். முதலில் சேசிஸ் இலக்கத்தைக் கொடுத்துக் காற்றுப் பையைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த வருடக் கார் அழைப்புக்குள் வரக்கூடியது. பிறகு தொட்டியில் கிடந்த பழைய பெற்றோலை இறக்கி, பற்றரி, டயர், பிரேக் ஒயில், கீழ்க்கை புஷ் ரப்பர்கள் மாற்றச் சொல்லுங்கள். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். கடைசி இரண்டும் செய்த வருடம். வரிகள் ஆழமாக இருந்தாலும் பழைய டயர் பழைய டயர்தான்.

தம்பியோ ராத்தாவோ வாரம் ஒரு தரமாவது வெளியே எடுத்து, களியோடைப் பாலம்வரை போய்த் திரும்பட்டும். லீவில் வரும்போது ஸ்டியரிங்கை நீங்கள் பிடியுங்கள். உம்மாவைப் பக்கத்து இருக்கையில் வையுங்கள். பட்டியைப் போட்டுவிட மறக்காதீர்கள்.